இரசாயனவியலை இணையத்தில் தேடும்போது

2021 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கொள்கலன் கப்பலில் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களை ஏற்றியிருந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது என்ற செய்தி வெளியானதும், பாடசாலையை விட்டபின் எவரும் உச்சரித்திராத அப்பெயர் ஓரிரு நாட்களில் எல்லோர் வாயிலும் புகுந்துவிட்டது. அமில மழை பெய்யக்கூடும் என எச்சரிக்கப்பட்டது. கரையொதுங்கும் பொருட்களைத் தொடவேண்டாமென அறிவிக்கப்பட்டது. தொழிலுக்குச் செல்ல முடியாது கரையில் நின்ற மீனவர் முதல் முற்றத்தில் உடுப்புகளைக் காயவிட்டிருந்த தாய்மார் வரை பலரும் அன்று கையடக்கத் தொலைபேசியில் தேடிய வினா ஒன்றுதான்: இந்த அமிலம் எம்மை என்ன செய்யும்?

தமிழில் தேடியவர்களுக்கு அவ்வினாவுக்கான விடை எளிதிற் கிடைக்கவில்லை. எமது பாடசாலைச் சொல்லான 'நைத்திரிக்கமிலம்' என்று தேடியவருக்குச் சொற்பப் பக்கங்களே கிடைத்தன. 'நைட்ரிக் அமிலம்' என்று தமிழக வழக்கில் தேடியவருக்கு வேறு பக்கங்கள் கிடைத்தன. பத்திரிகைகளாகிய நாமும் இவ்விடயத்தில் குற்றமற்றவர்கள் அல்லர். ஒரே பக்கத்தில், ஒரு செய்தியில் ஒரு எழுத்துக்கூட்டலையும் அடுத்த செய்தியில் இன்னொன்றையும் அச்சேற்றினோம். கலைப்பட்டதாரியான இக்கட்டுரையாளர் அன்று அதனைத் திருத்த முற்பட்டு, எது சரியென்று தீர்மானிக்க இயலாமல் விட்டுவிட்டார் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரசாயனவியல் பற்றிய தகவல் இணையத்தில் இல்லையென்று இன்று எவரும் முறையிட முடியாது. பல்கலைக்கழக நூலகமொன்றில் மாத்திரம் கிடைக்கக்கூடியதாயிருந்த தரவுத் தொகுதிகளிற் பெரும்பகுதி இப்போது இலவசமாகவே திறந்து கிடக்கின்றது. இடர்ப்பாடு இருப்பது வேறிடத்தில். எந்தச் சொல்லைக்கொண்டு தேடுவது என்பது முதலாவது. கிடைத்த தகவலுக்கு யார் பொறுப்பு என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தெரிந்துகொண்ட மாணவருக்கு இணையம் ஓர் ஆய்வுகூடத்துக்கு அடுத்தபடியான துணையாகும். தெரியாதவருக்கோ அது பெரும் சந்தை இரைச்சல்.

முதலிற் சொல் பற்றிப் பார்ப்போம். இரசாயனவியலைத் தமிழில் எழுதும் முயற்சி எமது மண்ணில் மிகப் பழையது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரது முயற்சியால் 1875 இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. பின்னர், தாய்மொழிக் கல்வி விஞ்ஞானத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் இலங்கைக்கென ஒரு சொல் மரபை நிலைநிறுத்தின. தமிழகம் தனக்கென வேறொரு வழியிற் சென்றது. விளைவு, இன்று ஒரே விஞ்ஞானத்துக்கு இரண்டு தமிழ்கள் உள்ளன.

நாம் இரசாயனவியல் என்பதை அவர்கள் வேதியியல் என்கின்றனர். எமது மூலகம் அங்கே தனிமம். எமது சேர்வை அங்கே சேர்மம். எமது தாக்கம் அங்கே வினை. ஆகவே தாக்கவீதம் பற்றிப் படிக்க விரும்பும் முல்லைத்தீவு மாணவி 'வினைவேகம்' என்ற சொல்லை அறியாதவரை, தமிழகத்தில் அப்பாடம் பற்றி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவளுக்கு இல்லாதவையே. ஊக்கி வினையூக்கியாகவும், ஒட்சியேற்றம் ஆக்ஸிஜனேற்றமாகவும், தாழ்த்தல் ஒடுக்கமாகவும், வலுவளவு இணைதிறனாகவும், பங்கீட்டு வலுப்பிணைப்பு சகப்பிணைப்பாகவும், நியமிப்பு தரம்பார்த்தலாகவும், சேதன இரசாயனம் கரிம வேதியியலாகவும், இலத்திரன் எலக்ட்ரானாகவும் மாறிவிடுகின்றன. மனிதர் படித்தால் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். எழுத்துகளை ஒப்புநோக்கும் தேடுபொறியிடம் அந்த ஊகத்தை எப்போதும் எதிர்பார்க்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இவ்விரு மரபுகளும் கலந்தே கிடக்கின்றன. ஒரு கட்டுரையில் 'ஒட்சிசன்', அடுத்ததில் 'ஆக்சிசன்'. எந்த மரபு சிறந்தது என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பரீட்சையில் எமது சொல்லையே எழுதவேண்டும், தேடுகையில் இரண்டையும் கையாளவேண்டும் என்பதே நடைமுறை. அதற்கும் அப்பாற் செல்ல விரும்புவோருக்கு ஆங்கிலச் சொல் இன்றியமையாதது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

ஆனால் ஆங்கிலம் தெரிந்தவருக்கும் பெயர்ச் சிக்கல் உண்டு. ஒரே சேர்வைக்கு முறைப்படியான பெயர், பழம்பெயர், வர்த்தகப் பெயர் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. சூத்திரத்தைக் கொண்டு தேடலாம் என்றால் அதுவும் போதாது. இரண்டு காபன், ஆறு ஐதரசன், ஒரு ஒட்சிசன் அணுக்களைக்கொண்ட மூலக்கூறு எதுவென்று கேட்டால், அது 78 பாகை செல்சியசில் கொதிக்கும் எதனோலாகவும் இருக்கலாம், பூச்சியத்துக்குக் கீழ் 24 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும் இருமெதயில் ஈதராகவும் இருக்கலாம். அணுக்கள் அவையே, ஒழுங்கு மாத்திரம் வேறு. இதனைத் தீர்க்கவே கணினிக்கு ஏற்ற குறியீடுகள் உருவாகின. 1980களில் தோன்றிய 'ஸ்மைல்ஸ்' முறையில் எதனோல் 'சி சி ஓ' எனவும், ஈதர் 'சி ஓ சி' எனவும் எழுதப்படும். கட்டமைப்பே எழுத்தாகிவிடுகிறது. தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியம் 2005 இல் 'இன்ச்சி' என்ற குறியீட்டை வெளியிட்டது. அதன் சுருக்க வடிவம் 27 எழுத்துகளாலானது. அதனை அப்படியே தேடுபொறியில் இட்டால் அந்தச் சேர்வை பற்றிய பக்கங்களே பெரும்பாலும் வரும்.

இவற்றைவிட எளிதானதும் போத்தல்களின் வில்லையிலேயே காணப்படுவதும் சி.ஏ.எஸ். இலக்கமாகும். அமெரிக்க இரசாயனவியற் சங்கத்தின் பிரிவொன்று 1965 முதல் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓர் இலக்கம் வழங்கி வருகிறது. பதிவு இன்று இருபது கோடியைத் தாண்டிவிட்டது. இவ்விலக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. கடைசி இலக்கம் ஏனையவற்றைச் சரிபார்ப்பதற்கானது. நீரின் இலக்கம் 7732-18-5. கடைசி 5 ஐ விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 2, 3 என வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 8, 2, 6, 12, 35, 42 என வந்து மொத்தம் 105 ஆகிறது. அதன் கடைசி இலக்கம் 5. பொருந்துகிறது. நைத்திரிக்கமிலத்தின் இலக்கமான 7697-37-2 ஐயும் இவ்வாறே பார்க்கலாம். கூட்டுத்தொகை 142 வரும், கடைசி இலக்கம் 2. ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டச்சிட்டாலோ, அயலிலுள்ள இரு இலக்கங்கள் இடம்மாறினாலோ பெரும்பாலும் கணக்கு உதைக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியக்கூடிய கணக்கு இது. இணையத்திற் காணும் இலக்கம் உண்மையானதா என்று அறியும் முதற் சல்லடையாக இதனைக் கொள்ளலாம். பெயரை இலக்கமாக்கவும் இலக்கத்தைப் பெயராக்கவும் 'கொமன் கெமிஸ்ட்ரி' என்ற இலவசத் தளத்தை அச்சங்கமே நடத்துகிறது. 2021 இல் விரிவாக்கப்பட்ட அதில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பதார்த்தங்கள் உள்ளன.

எக்ஸ்பிரஸ் பேர்ள் நாட்களில் பயன்பட்டிருக்கக்கூடிய இன்னோர் இலக்கமும் உண்டு. அபாயகரமான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் முறையில் நான்கிலக்க எண் வழங்கப்படுகிறது. சிவந்த புகையுமிழ் வகை தவிர்ந்த நைத்திரிக்கமிலத்துக்கு அது 2031. பாரவூர்திகளின் பின்புறப் பலகைகளிலும் கொள்கலன்களிலும் இத்தகைய எண்களைக் காணலாம். அமெரிக்க அரச நிறுவனங்கள் பராமரிக்கும் 'கமியோ கெமிக்கல்ஸ்' என்ற தளத்தில் இவ்வெண்ணை இட்டால், தீ எவ்வாறு அணைக்கப்படவேண்டும், எதனுடன் சேர்ந்தால் ஆபத்து, உடலிற் பட்டால் முதலுதவி என்ன என்பன உடனே கிடைக்கின்றன.

இனி இரண்டாவது வினா. கிடைத்த தகவலுக்கு யார் பொறுப்பு?

2004 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து அலிசோ வியகோ நகரசபையில் ஒரு பிரேரணை நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றது. 'டைஹைட்ரஜன் மொனொக்சைட்' என்ற ஆபத்தான பொருள் உற்பத்தியிற் பயன்படுத்தப்படுவதால் நுரைப்பிளாஸ்டிக் கோப்பைகளைத் தடைசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். அப்பொருள் சுவாசப்பையினுள் சென்றால் மரணம் விளையும், அமில மழையில் அதுவே பிரதான கூறு, உலோகங்களை அரிக்கும் என்றெல்லாம் இணையத்தளமொன்று எழுதியிருந்தது. அத்தனையும் உண்மை. ஏனெனில் அப்பெயர் குறிப்பது இரண்டு ஐதரசனும் ஒரு ஒட்சிசனும் சேர்ந்த நீரை. வேடிக்கைக்காக உருவாக்கப்பட்ட தளத்தை அலுவலர் ஒருவர் மெய்யென நம்பியதனால் நேர்ந்தது அது. வாக்கெடுப்புக்கு முன்னரே பிரேரணை மீளப்பெறப்பட்டது. ஒரு பொய்யேனும் சொல்லாமல் ஒரு நகரசபையை ஏமாற்ற முடிந்தது என்பதே கவனிக்க வேண்டியது. தேர்ந்தெடுத்த உண்மைகளும் அறிமுகமில்லாப் பெயரும் அதற்குப் போதுமாயிருந்தன.

பொறுப்பேற்கும் மூலங்கள் எவ்வாறிருக்கும்? சில எடுத்துக்காட்டுகளைத் தரலாம். அமெரிக்கத் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 1996 முதல் இணையத்தில் வைத்திருக்கும் 'கெமிஸ்ட்ரி வெப்புக்' தளத்தில், ஒரு சேர்வையின் கொதிநிலைக்கு ஓர் எண் மாத்திரம் தரப்படுவதில்லை. எந்த ஆண்டில் எவர் அளந்தது எத்தனை என்று பல அளவீடுகள் வரிசையாக இருக்கும். அவை ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுவதையும் காணலாம். புதியவருக்கு இது குழப்பமாகத் தோன்றும். உண்மையில் அதுவே அத்தளத்தின் நேர்மை.

'பப்கெம்' என்ற தரவுத்தளத்தை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 2004 இல் ஆரம்பித்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட சேர்வைகள் அதில் உள்ளன. ஆயினும் இத்தரவுகளை அந்நிறுவகம் தானே அளந்து எழுதியதென எண்ணலாகாது. உலகெங்குமுள்ள நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அளித்தவை அவை. ஒவ்வொரு தரவின் அருகிலும் அதனை அளித்தவர் யாரெனக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறு எழுத்தைப் படிப்பவரே பப்கெம்மைப் பயன்படுத்தத் தெரிந்தவர். பிரித்தானிய ரோயல் இரசாயனவியற் சங்கத்தின் 'கெம்ஸ்பைடர்' தளமும் இவ்வகையினதே. கலைச்சொல் ஒன்றின் துல்லியமான வரைவிலக்கணம் தேவைப்படின், சர்வதேச ஒன்றியத்தின் 'கோல்ட் புக்' எனப்படும் தொகுப்பு இணையத்தில் இலவசமாக உண்டு. சேர்வைகளைத் தயாரிக்கும் முறைகளுக்கு 1921 முதல் வெளிவரும் 'ஓர்கானிக் சிந்தசிஸ்' என்ற வெளியீட்டை மிஞ்சுவதற்கில்லை. ஒருவர் எழுதியனுப்பும் செய்முறையை, ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரது ஆய்வுகூடத்தில் மீண்டும் செய்துபார்த்து, விளைவு பொருந்தினால் மாத்திரமே அவ்வெளியீடு பிரசுரிக்கும். பத்திரிகைத்துறையில் முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவருக்கு இதனைப் படிக்கும்போது சற்றுப் பொறாமையே ஏற்படுகிறது.

நல்ல மூலமும் பிழையாகப் படிக்கப்பட்டால் தீங்கு விளைவிக்கும். இதற்கு எமது வீட்டுக் கிணற்றைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. யாழ். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலக்கீழ் நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. தோட்டங்களுக்கு இடப்படும் பசளையும் மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்களாகும். வலிகாமத்தில் ஒரு குடும்பம் தமது கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, 'நைத்திரேற்று: லீற்றருக்கு 20 மில்லிகிராம்' என்ற அறிக்கையைப் பெற்றிருக்கிறது எனக் கொள்வோம். வீட்டில் புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தை இருக்கிறது. தகப்பனார் இணையத்திற் தேடுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி 50 என்கிறது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 10 என்கிறது. ஒன்றின்படி நீர் பாதுகாப்பானது. மற்றதன்படி இரு மடங்கு ஆபத்தானது. எதை நம்புவது?

இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவையே சொல்கின்றன என்பதே விடை. உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்று அயனின் முழுத் திணிவையும் கணக்கிடுகிறது. அமெரிக்க முகவரகம் அதிலுள்ள நைதரசனின் திணிவை மாத்திரம் கணக்கிடுகிறது. நைத்திரேற்று அயனின் சார்த்திணிவு 62, அதில் நைதரசனின் பங்கு 14. எனவே நைதரசனாகச் சொல்லப்பட்ட எண்ணை 4.43 ஆற் பெருக்கினால் நைத்திரேற்றாகச் சொல்லப்படும் எண் வரும். அமெரிக்க எல்லையான 10, மற்ற அளவில் 44 ஆகிறது. இப்போது அந்தக் குடும்பத்தின் அறிக்கைக்குத் திரும்புவோம். அங்குள்ள 20 நைத்திரேற்றாக அளக்கப்பட்டதாயின் அது எல்லைக்கு நன்கு கீழே உள்ளது. நைதரசனாக அளக்கப்பட்டதாயின் உண்மையில் அது 88 ஐத் தாண்டுகிறது. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து உடல் நீலம்பாரிக்கும் நோய்க்கு இடமளிக்கக்கூடிய நீர் அது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். அறிக்கை தந்த ஆய்வுகூடத்திடம் 'இது எதுவாக அளக்கப்பட்டது?' என்று கேட்பதற்கு இந்த அறிவு வேண்டும். உயர்தர வகுப்பில் படிக்கும் மூத்த பிள்ளை அதே வீட்டில் இருந்தால் அவளால் இக்கணக்கை ஒரு நிமிடத்திற் செய்துவிட முடியும்.

அம்மூத்த பிள்ளைக்கு, அதாவது க.பொ.த. உயர்தர மாணவருக்கு, எவை பயன்படும் என்பதையும் சொல்லவேண்டும். முதலில் வீட்டுக்கு அருகிலுள்ளவை. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உயர்தர இரசாயனவியலுக்கான பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் வளநூல்களும் தமிழில் தரவிறக்கம் செய்யக்கூடியதாக உள்ளன. கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளமும், கீழ்வகுப்புப் பாடநூல்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளமும் உண்டு. இவற்றைவிட மாணவர் அதிகம் புறக்கணிப்பது பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளை. எந்த வினாவில் எத்தனை வீதமானோர் தவறினர், எங்கே தவறினர் என்பதைப் பரீட்சகர்களே அவற்றில் எழுதியிருக்கின்றனர். பெருந்தொகைக் கட்டணம் செலுத்தித் தனியார் வகுப்பில் 'வரக்கூடிய வினாக்கள்' எனப் பெறுவதைவிட இவை பெறுமதியானவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதற்காகச் சில ஆசிரியர்களின் கோபத்துக்கு ஆளாக நேரிடலாம்.

தமிழ்நாடு அரசின் 11 ஆம், 12 ஆம் வகுப்பு வேதியியற் பாடநூல்களும் தமிழில் முழுமையாக இலவசமாகக் கிடைக்கின்றன. சொற்பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அவை சிறந்த துணைநூல்கள். பழைய இலங்கைப் பாடநூல்களை 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்திற் காணலாம்.

ஆங்கிலத்தில் வாசிக்கத் துணிவோருக்குப் பிரித்தானிய இரசாயனவியல் ஆசிரியர் ஜிம் கிளார்க் எழுதிய 'கெம்கைட்' தளத்தை முதலிற் பரிந்துரைக்கலாம். எளிய வாக்கியங்கள், படிப்படியான விளக்கம். எமது உயர்தரப் பரீட்சையும் பிரித்தானிய மரபிலிருந்து வந்ததாகையால் அலகுகளும் குறியீடுகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2008 இல் ஆரம்பித்து வளர்ந்த 'லிப்ரெடெக்ஸ்ட்ஸ்', ரைஸ் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' ஆகியன முழு நூல்களையே இலவசமாகத் தருகின்றன. அவை அமெரிக்க மாணவருக்காக எழுதப்பட்டவை என்பதை மறக்கலாகாது.

இதனால் நேரும் குழப்பத்துக்கு ஓர் உதாரணம். நியம வெப்பநிலை அமுக்கத்தில் ஒரு மூல் வாயுவின் கனவளவு 22.4 லீற்றர் என்று ஒரு தளமும் 22.7 லீற்றர் என்று இன்னொரு தளமும் கூறும். சர்வதேச ஒன்றியம் 1982 இல் நியம அமுக்கத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து 100 கிலோபஸ்காலாக மாற்றியதே காரணம். பழைய வரையறையைப் பல நூல்கள் இன்னமும் கைவிடவில்லை. இரண்டு எண்களும் தத்தம் வரையறைக்குச் சரியானவை. பரீட்சையில் எது வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தைப் பார்த்தே அறியவேண்டும்.

பக்கமொன்றின் வயதை அறிவதற்கும் எளிய வழிகள் உள்ளன. 113, 115, 117, 118 ஆம் மூலகங்களுக்கு நிகோனியம், மொஸ்கோவியம், தென்னசீன், ஒகனெசன் என்ற பெயர்கள் 2016 நவம்பரில் அங்கீகரிக்கப்பட்டன. ஆவர்த்தன அட்டவணையில் இவ்விடங்கள் தற்காலிகப் பெயர்களுடன் இருந்தால் அப்பக்கம் அதற்குப்பின் திருத்தப்படவில்லை. மூல் என்பதை 12 கிராம் காபன் - 12 ஐக்கொண்டு மாத்திரம் வரையறுக்கும் பக்கம், 2019 மே மாதத்தில் அவகாதரோ மாறிலிக்குத் திட்டமான எண் ஒன்று நிர்ணயிக்கப்பட்டதை அறியாத பக்கம்.

ஆய்வுகூடம் இயங்காத பாடசாலைகளில் கற்போருக்கு இரண்டு தளங்களைக் குறிப்பிடாமல் விடமுடியாது. பௌதிகவியலுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த 'பெட்' செயற்றிட்டம், அமிலக் கரைசலை ஐதாக்குவதையும் மூலக்கூறுகளைக் கட்டுவதையும் திரையிலேயே செய்துபார்க்க வழிசெய்கிறது. அவற்றுட் சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயங்கும் என்பது தூரக் கிராமங்களுக்கு முக்கியமானது. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2008 முதல் வெளியிட்டுவரும் காணொளிகளில் ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒன்று உள்ளது. சோடியம் நீரில் விழுவதை ஒருமுறையேனும் காணாமலே அதன் சமன்பாட்டை மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு அக்காட்சி ஒரு கொடை.

எனினும் காணொளிகள் எல்லாம் அத்தகையவை அல்ல. பார்வையாளர் தொகையைப் பெருக்குவதற்காக வீட்டிலேயே செய்துகாட்டப்படும் 'பரிசோதனைகள்' ஏராளம். வெளிற்றும் திரவத்துடன் மலசலகூடம் கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். சிறிய குளியலறையில் அது உயிராபத்து. எந்த இரசாயனப் பொருளையும் கையாளமுன் அதன் பாதுகாப்புத் தரவுத்தாளைப் பார்ப்பது வழக்கமாகவேண்டும். உற்பத்தியாளர்கள் வெளியிடும் இத்தாள் சர்வதேச முறைப்படி 16 பகுதிகளைக் கொண்டது. நான்காவது பகுதி முதலுதவி, ஐந்தாவது தீயணைப்பு, ஏழாவது கையாளலும் களஞ்சியப்படுத்தலும். செறிவு மாறினால் ஆபத்தும் மாறுமாதலால், கையிலுள்ள போத்தலின் உற்பத்தியாளர் தந்த தாளையே பார்க்கவேண்டும்.

அண்மைய ஆண்டுகளில் மாணவர்கள் தேடுபொறியையும் கைவிட்டுச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கியுள்ளனர். விளக்கம் பெறுவதற்கு அவை உதவுகின்றன என்பதை மறுக்கமுடியாது. ஆயினும் கேட்ட மாத்திரத்தில், இல்லாத ஆய்வுக்கட்டுரை ஒன்றுக்குத் தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் கொடுத்துவிடும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. தமிழிற் கேட்டால் இரு மரபுச் சொற்களையும் ஒரே பந்தியிற் கலந்துவிடுவதையும் காண்கிறோம். மேலே சொன்ன சல்லடை இங்கும் பயன்படும். தரப்பட்ட சி.ஏ.எஸ். இலக்கத்தைக் கூட்டிப் பார்க்கலாம். கட்டுரைக்கு 'டிஓஐ' எனப்படும் நிரந்தர இலக்கம் தரப்பட்டிருந்தால் அதனை உரிய தளத்தில் இட்டு, அப்படியொரு கட்டுரை உண்டா எனப் பார்க்கலாம். சந்தா செலுத்தாமல் படிக்கக்கூடிய பிரதி எங்குள்ளது என்பதைத் தேடித்தரும் 'அன்பேவோல்' போன்ற வசதிகளும் சட்டபூர்வமானவையே.

இத்தனைக்கும் பின்னரும் தமிழ் மாணவரின் முதலாவது இடர்ப்பாடு தீர்ந்துவிடவில்லை. எமது சொல், தமிழகச் சொல், ஆங்கிலச் சொல், சேர்வையாயின் அதன் இலக்கம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் தந்து, எதைக்கொண்டு தேடினாலும் மற்றவற்றைக் காட்டும் ஓர் இணையச் சொற்றொகுதி வேண்டும். அதற்கான மூலப்பொருள் யாவும் தயாராக உள்ளது. கலைச்சொற்றொகுதிகள் அச்சில் உள்ளன. தமிழகப் பாடநூல்கள் திறந்து கிடக்கின்றன. இலக்கங்களைக் கொமன் கெமிஸ்ட்ரி தருகிறது. உயர்தரப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய சொற்கள் சில ஆயிரத்தைத் தாண்டப்போவதில்லை. தேசிய கல்வி நிறுவகமும் எமது பல்கலைக்கழகங்களின் இரசாயனவியற் துறைகளும் சேர்ந்தால் ஓராண்டுக்குள் முடிக்கக்கூடிய வேலை இது. அதுவரையில், நான்கு நிரல்கள் கீறிய அப்பியாசப் புத்தகம் ஒன்றை ஒவ்வொரு வகுப்பும் தானே நிரப்பத் தொடங்கலாம். முதல் வரியில் நைத்திரிக்கமிலத்தை எழுதிக்கொள்ளட்டும்.